முப்பத்திரண்டாம் மேற்கோள்

என் நாத்தனாரை எங்கள் வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கமா என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெயரை வைத்தவர் என் வீட்டுக்காரர், அதாவது அவளுடைய சொந்த அண்ணன். எங்கள் குடியிருப்பின் லிஃப்டில் ஒட்டியிருந்த அறிவிப்பில் ஒரு கமா விட்டுப்போயிருந்தது. இவள் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அதைப் போட்டாள். அதோடு நிற்காமல், கீழே இருந்த செயலாளரின் இனிஷியலுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியும் வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் அந்த மனிதர் எங்கள் கதவைத் தட்டி, "என் பேர்ல கை வெச்சது யாரு?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவள் கமா.

எனக்கும் இந்த மாதிரி ஆட்களுக்கும் ஒத்துவராது. நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் மதியத்துக்கு மேல் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிற யாரும் அங்கே கமாவைத் தேடுவதில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: இந்த வீட்டில் நான் சண்டை போட்டு அலுக்காத ஒரே ஆள் அவள்தான்.

அவளுடைய வேலை என்னவென்று கேட்டால் எனக்கே ஒரு வரியில் சொல்ல வராது. ஆராய்ச்சி செய்கிறவர்கள் கட்டுரை எழுதுவார்கள். "இதை நான் சொல்லவில்லை, இன்னார் முன்பே சொல்லியிருக்கிறார்" என்பதற்கு அடையாளமாக நடுநடுவே சதுர அடைப்புக்குள் ஒரு எண் போடுவார்கள். கடைசியில் அந்த எண்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் வரும், யார் எழுதியது, எந்த வருஷம், எந்தப் பக்கம் என்று. ஒரு ஆய்விதழ் வருஷத்தைப் பெயருக்குப் பக்கத்தில் கேட்கும், இன்னொன்று கடைசியில் கேட்கும். ஒன்றுக்குச் சாய்ந்த எழுத்து வேண்டும், இன்னொன்றுக்கு அது ஆகவே ஆகாது. கட்டுரை எழுதுகிறவர்களுக்கு இதைப் பார்த்தாலே தலை சுற்றும். அவர்கள் குப்பையாக அள்ளி அனுப்புவதை இவள் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அந்தந்த இதழ் கேட்கிற மாதிரி அடுக்கிக் கொடுப்பாள். எண்ணும் பட்டியலும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்பதும் அவள் பொறுப்பு.

அந்தக் கடைசி வேலையில் எனக்கும் பங்கு உண்டு. காலையில் நான் காய் நறுக்கும்போது அவள் கட்டுரையின் தாள்களை என் முன்னால் பரப்புவாள். நான் வரிசையாக எண்ணைப் படிப்பேன். அவள் பட்டியலில் விரல் வைத்துப் பார்த்து, சரியான ஆள்தான் என்றால் "ஆஜர்" என்பாள். பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி நான் "பதினேழு" என்பேன், "ஆஜர்." "பதினெட்டு." "ஆஜர்." ஒரு கட்டுரை கைக்கு வந்ததும் ஒரு முறை, அனுப்புவதற்கு முன்னால் ஒரு முறை, இரண்டு தடவை ஆஜர் எடுக்காமல் அவள் கையிலிருந்து எதுவும் வெளியே போகாது. உள்ளே ஒரு எண் தப்பினால் என்ன ஆகும் என்று ஒருநாள் கேட்டேன். "சினிமா கொட்டகையில ஒருத்தர் மாறி உட்கார்ந்தா அந்த வரிசையே மாறி உட்காருமே, அப்படித்தான் அண்ணி. பேசினது ஒருத்தர், திட்டு வாங்கறது பக்கத்து சீட்டுக்காரர்" என்றாள்.

அவளும் ஒரு காலத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தவள்தான். என் மாமனார் படுத்த படுக்கையானபோது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், அவள் அண்ணன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவளுடையது மட்டும்தான் எங்கள் கண்ணுக்கு வேலையாகத் தெரியவில்லை. மாமனார் போன பிறகும் அவள் திரும்பிப் போகவில்லை. என்ன ஆராய்ச்சி என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை, தண்ணீர் சம்பந்தமாக ஏதோ என்று மட்டும் தெரியும்.

தண்ணீர் என்றதும் எங்கள் சண்டை ஞாபகம் வருகிறது. காலையில் எழுந்ததும் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, ஒரு வாளி நிறைகிற வரைக்கும் சும்மா நிற்பாள். அதற்குப் பிறகுதான் குடிக்கிற தண்ணீர் பிடிப்பாள். நான் கத்துவேன், "உங்கப்பா கட்டின அணையா, இப்படித் திறந்துவிடறே?" அவள் பதில் சொல்லாமல் அந்த வாளித் தண்ணீரைக் கொண்டுபோய் குளியலறையில் வைப்பாள். ஒரு நாள்கூட விட்டதில்லை.

இனி டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர். ஒரு கல்லூரியில் வருஷக்கணக்காகத் தற்காலிக வேலையில் இருந்தார். ஒவ்வொரு முறை விடுமுறை முடியும்போதும், அடுத்த பருவத்துக்குக் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று நாளை எண்ணிக்கொண்டு இருப்பார். கமாவுக்கு வருகிற வேலையில் பாதி அவருடையது, மீதியில் பாதி அவர் சொல்லி வந்தவர்களுடையது. அந்த வாரம் அவருக்கு நிரந்தர வேலைக்கான நேர்முகம். அவருடைய கட்டுரை ஒன்று ஒரு நல்ல இதழில் ஏற்கப்பட்டு, அச்சுப் பக்கங்கள் திருத்தத்துக்கு வந்திருந்தன. அது இந்த இதழிலேயே வெளிவருகிறது என்று தேர்வுக் குழுவிடம் எழுதிக் கொடுத்திருந்தார். அடுத்த இதழுக்குத் தள்ளிப்போனால் சொன்னது பொய்யாகிவிடும்.

நேர்முகத்துக்கு முந்தைய நாள் மாலை பதிப்பகத்திலிருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது: "இந்த வாக்கியத்துக்குச் சான்று தேவை." கமா டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். அவர், "பொருத்தமா ஏதாவது ஒண்ணு போட்டு அனுப்பிடுங்கம்மா, நான் நாளைக்குப் பேச வேண்டியதை மனப்பாடம் பண்ணிட்டு இருக்கேன்" என்று வைத்துவிட்டார். கமா ஒன்றைத் தேடிப் போட்டு அனுப்பிவிட்டாள். நான் அப்போது ஆஸ்பத்திரியில். அதனால் அன்று ஆஜர் எடுக்கவில்லை.

மறுநாள் காலை நான் பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தபோது தாள்களோடு வந்து நின்றாள்.

"அனுப்பியாச்சு அண்ணி. ஆனா மனசு கேட்கல. ஒரு தடவை படிச்சுடுங்களேன்."

"அனுப்பின கடுதாசிக்கு இப்ப எதுக்கு முகவரி பார்க்கறே?" என்றேன். இருந்தாலும் படித்தேன்.

முப்பது ஆஜர். முப்பத்தொன்று ஆஜர்.

"முப்பத்திரண்டு."

"ஆஜர்." குரலில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்த வரிக்குப் போனேன். "மறுபடியும் முப்பத்திரண்டு."

ஆஜர் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் பேயறைந்தவள் மாதிரி நிற்கிறாள். என் கையிலிருந்து தாளைப் பிடுங்கினாள். அவள் எதையும் பிடுங்கி நான் பார்த்ததில்லை.

"என்னடி ஆச்சு?"

நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். பட்டியலின் நடுவில் புதிதாக ஒருவரை நுழைத்தால், பட்டியல் எண்கள் தானாக ஒன்று நகர்ந்துகொள்ளும். ஆனால் கட்டுரைக்குள் இருக்கிற எண்களை ஒவ்வொன்றாகக் கையால் நகர்த்த வேண்டும். அதை அவள் செய்யவில்லை. மறந்துவிட்டாள். முப்பத்திரண்டிலிருந்து கடைசி வரை எல்லாரும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"சரி, திருத்தம் அனுப்பு. இதுக்கா இப்படி?"

"அந்த ரெண்டு வரியப் படிங்க அண்ணி."

தட்டுத்தடுமாறிப் படித்தேன். முதல் வரி, இரவு முழுக்கக் குழாயில் தேங்கும் தண்ணீரில் உலோகம் கலக்கிறது என்று முன்பே கண்டறிந்திருக்கிறார்கள் என்றது, முப்பத்திரண்டு. அடுத்த வரி இப்படி இருந்தது: ஆனால் ஒரு ஆய்வின் அளவுகள், முப்பத்திரண்டு, எல்லா வீடுகளிலும் சொல்லி வைத்தாற்போல் ஒன்றாக இருக்கின்றன. அவை குழாயிலிருந்து எடுக்கப்பட்டவையா, மேசையில் உட்கார்ந்து எழுதப்பட்டவையா என்ற ஐயம் எழுகிறது.

"யாரையோ திருடன்னு சொல்லியிருக்காங்க" என்றேன்.

"சொல்ல வேண்டியது முப்பத்திமூணைத்தான். அது நிஜமாவே மோசமான பேப்பர். ஆனா நம்பர் நகராததால முப்பத்திரண்டு மேல விழுது."

"முப்பத்திரண்டு யாரு?"

மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான்தான் அண்ணி."

கத்தி என் கையிலேயே இருந்தது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

அவள் படிப்பை விடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கட்டுரை அச்சில் வந்திருக்கிறது. அதை உலகத்தில் யார் எடுத்துக்காட்டினாலும் கணினி எண்ணிக்கொண்டே வருமாம். இத்தனை வருஷமும் அவள் அவ்வப்போது போய்ப் பார்த்திருக்கிறாள். பூஜ்யம். ஒரு ஆள்கூட இல்லை. அடுத்தவர்களுடைய ஆயிரம் பெயர்களுக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தவளின் பெயர் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. நேற்று மாலை அந்த வாக்கியத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டிருக்கிறது, அது அவள் கண்டுபிடித்த விஷயமேதான். போட்டுவிட்டாள்.

"என் பேர அடிச்சேன். திரும்பத் திரும்ப அந்த ஒரு வரியவே படிச்சிட்டிருந்தேன். நம்பரை நகர்த்தணும்ங்கறதே ஞாபகம் வரல. அப்படியே அனுப்பிட்டேன்."

"என்ன கண்டுபிடிச்சே நீ?"

"ராத்திரி முழுக்கக் குழாய்ல நின்ன தண்ணிய குடிக்கக்கூடாதுன்னு."

என் பார்வை தானாகச் சமையலறைப் பக்கம் போனது. வாளி அங்கேதான் இருந்தது. இத்தனை காலம் அந்த வாளிக்காக நான் போட்ட கூச்சல் எல்லாம் ஞாபகம் வந்தது. "இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா!" என்று அதற்கும் சேர்த்து ஒரு தடவை கத்தினேன்.

பதிப்பகத்துக்கு உடனே எழுதினாள். உடனே பதில் வந்தது. திருத்தம் ஒருமுறைதான் ஏற்கப்படும், மீண்டும் திறக்க வேண்டுமானால் கட்டுரையாளரே தன் முகவரியிலிருந்து எழுத வேண்டும், இன்று நண்பகலில் பக்கங்கள் மூடப்படும். டாக்டரம்மாவைக் கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது. நேர்முகம் இருக்கிறவர் போனைத் திறந்து வைத்துக்கொண்டா உட்காருவார்?

"கிளம்பு" என்றேன். "நேர்ல போய் நிப்போம்."

பீன்ஸ் பாதியில் கிடந்தது. அவசரத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டையை மாட்டிக்கொண்டே செருப்பைத் தேடினேன். அவள் மாற்றாத வீட்டுத் துணியோடு படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் எள் போட்டால் எள் விழாது. இரண்டு பேரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினோம். ஒவ்வொரு சிக்னலிலும் அந்த ஓட்டுநர் நிதானமாகக் கழுத்தைச் சொடுக்கிக்கொண்டதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கமா என் காதருகே வந்தாள்.

"அண்ணி, ஒண்ணு சத்தியம் பண்ணுங்க. அது என் பேப்பர்னு மேடத்துக்குத் தெரியக்கூடாது."

"ஏன்? களவாடினியா என்ன?"

"அடுத்தவங்க கட்டுரையில தன் பேர நுழைக்கறது எங்க தொழில்ல அசிங்கம். பொருத்தமா இருந்தாலும் அசிங்கம்தான். தெரிஞ்சா யாரும் எனக்கு வேலை தரமாட்டாங்க. நம்பர் மாறிடுச்சுன்னு மட்டும் சொல்றேன். நீங்க வாயத் திறக்காதீங்க."

சரி என்று தலையாட்டினேன். என் வாயை நம்பி ஒருத்தி சத்தியம் வாங்குகிறாளே என்று அந்த நெரிசலிலும் பாவமாக இருந்தது.

கல்லூரி வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார். நேர்முகம் நடக்கும்போது வெளி ஆட்களுக்கு அனுமதி இல்லை என்றார். கமா விளக்கம் சொல்ல ஆரம்பித்தாள், ஆய்விதழ், மேற்கோள், எண் என்று. அந்த மனிதர் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை. நான் கழுத்திலிருந்த அட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

"பல் ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றோம். உள்ள இருக்கற மேடத்துக்குத் தப்பான பல்லுல கை வெச்சுட்டாங்க. இப்பவே சொல்லலன்னா விபரீதமாயிடும்."

காவலாளியின் கை தானாக அவருடைய கன்னத்துக்குப் போனது. "போங்க, போங்க, முதல் மாடி" என்றார். நான் சொன்னதில் பல் மட்டும்தான் பொய்.

மாடித் தாழ்வாரத்தில் வரிசையாக நாற்காலிகள். நாலைந்து பேர் மடியில் கோப்புகளோடு, யார் முகத்தையும் யாரும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா கடைசி நாற்காலியில். எங்களைப் பார்த்ததும் எழுந்து ஜன்னல் பக்கம் வந்தார். கஞ்சி போட்ட புடவை, நெற்றியில் வியர்வை.

"நீங்க எங்கம்மா இங்க?"

கமா சொன்னாள். கோர்வையாகத்தான் சொன்னாள். எண் நகரவில்லை, தப்பு என்னுடையது, முப்பத்திரண்டிலிருந்து எல்லாம் மாறியிருக்கிறது, நண்பகலுக்குள் உங்கள் முகவரியிலிருந்து எழுதினால் திறப்பார்கள்.

டாக்டரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மூடியிருந்த கதவைப் பார்த்தார்.

"எத்தனை இடம் மாத்தணும்?"

"எழுபது எண்பது இடம் இருக்கும், மேடம்."

"அவ்வளவு இடத்துல கை வெச்சா பக்கத்தையே திரும்ப அடுக்கணும். அடுத்த இதழுக்குத் தள்ளிடுவாங்க." குரல் தாழ்ந்தது. "இதழ்ல வருதுன்னு உள்ள எழுதிக் குடுத்திருக்கேன். இன்னும் கொஞ்ச நேரத்துல கூப்பிடுவாங்க. இப்ப போய் இல்லன்னு சொல்லவா? வரட்டும். பிறகு பிழைத்திருத்தம்னு ஒண்ணு போட்டுக்கலாம்."

"பிழைத்திருத்தத்தை யாரு மேடம் படிப்பாங்க? அந்த வரியத்தான் படிப்பாங்க. பொய்க் கணக்கு எழுதினவங்கன்னு தப்பான ஆளைச் சொல்லுது."

"தெரியுதும்மா. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு." அவர் கண்ணை மூடித் திறந்தார். "ஆனா அது எப்பவோ வந்த பேப்பர். எழுதினவங்க இந்தத் துறையிலேயே இருக்காங்களோ இல்லையோ. யாரோ ஒருத்தங்களுக்காக நான் என் வாழ்க்கையக் கை கழுவ முடியாது."

கமா பல்லைக் கடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த அந்தப் பழைய பொறுமையோடு நின்றாள். மாமனாருக்குப் படுக்கை மாற்றிய நாளிலெல்லாம் இப்படித்தான் நிற்பாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"யாரோ இல்லம்மா! இதோ உங்க முன்னாடி நிக்கறாளே, இவதான்!"

நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பினார்கள். சத்தியம், பஸ்ஸில் தலையாட்டியது எல்லாம் காற்றில் போயிற்று. கமா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

டாக்டரம்மாவின் முகம் இறுகியது. "உங்க பேப்பரையா என் கட்டுரையில நுழைச்சீங்க?"

"ஆமாம் மேடம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம?"

"ஆமாம். அந்த இடத்துக்குப் பொருத்தமா இருந்ததுன்னு போட்டேன். என்னுதுங்கறதாலயும் போட்டேன். ரெண்டும் நிஜம்தான்."

டாக்டரம்மா வாயைத் திறந்தார். என்ன கேட்டிருப்பாரோ தெரியாது. கதவு திறந்து, உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப்பார்த்து, அடுத்தது நீங்கள்தான், தயாராக இருங்கள் என்று அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

கமா ஒரு எட்டு முன்னால் வந்தாள். "மேடம், எழுபது இடம் மாத்த வேண்டாம். ஒரே வழி இருக்கு. முப்பத்திரண்டை எடுத்துடச் சொல்லுங்க. பட்டியல்ல ஒரு வரி, உள்ள ஒரு நம்பர், அவ்வளவுதான். எடுத்தா மத்ததெல்லாம் தானா பழைய இடத்துக்கு வந்துடும். பக்கம் நகராது. இதழ்லேர்ந்து தள்ள மாட்டாங்க."

"அந்த வாக்கியம்? சான்று கேட்டாங்களே?"

"சான்று இல்லாமலே போகட்டும், ஆசிரியர் பொறுப்புன்னு எழுதிடுங்க. ஒத்துப்பாங்க."

"அப்ப உங்களது?"

"அது இல்லாமத்தான மேடம் இத்தனை வருஷமும் இருந்தது" என்றாள்.

டாக்டரம்மா போனைத் திறந்தார். அது உயிர் பெறுகிற வரைக்கும் நாங்கள் மூவரும் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். கமா சொல்லச் சொல்ல அவர் கட்டைவிரலால் தட்டினார். நடுவில் ஒரு எழுத்து தப்பியதை கமா சுட்டிக்காட்டினாள். அந்த நேரத்திலும்! பதிலை கமாவுக்கும் அனுப்பும்படி கேட்டு எழுதி, அனுப்பும் பொத்தானை அழுத்தினார். மறுபடி கதவு திறந்தது, பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். போனை அணைத்துக் கோப்புக்குள் போட்டுக்கொண்டு, எங்களைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

நாங்கள் அந்த ஜன்னலோரமே நின்றோம். கடிகாரத்தின் இரண்டு முட்களும் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டிருந்தன. கமா போனைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்க்காமல் வெளியே மரத்தைப் பார்த்தாள். நான் அவளுக்கும் சேர்த்துப் போனைப் பார்த்தேன். பதிப்பகத்துக்காரன் காபி குடிக்கப் போயிருந்தால்? கடிதத்தைத் திறக்கவே இல்லையென்றால்? நாளைக்கு இந்நேரம் இவள் வாழ்நாளில் எழுதிய ஒரே கட்டுரையை உலகம் பொய்க் கணக்கு என்று படித்துக்கொண்டிருக்கும். மன்னிப்புக் கேட்கலாம் என்று, "ஏய்..." என்றேன். "அப்புறம் திட்டறேன் அண்ணி, இப்ப முடியல" என்றாள்.

போன் அதிர்ந்தபோது இரண்டு பேரும் சேர்ந்து பிடித்தோம். மேற்கோள் 32 நீக்கப்பட்டது. எண்கள் சரிபார்க்கப்பட்டன. இதழில் மாற்றம் இல்லை.

"அப்பாடா" என்று நான்தான் சொன்னேன். அவள் அந்த மூன்று வரியையும் திரும்பப் படித்தாள். பிறகு தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு, கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிழைத்ததற்காகவா போனதற்காகவா என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அழுகை வந்தது, என் அழுகை அந்த ஒரு வரி போனதற்காகத்தான்.

டாக்டரம்மாவுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. கட்டுரையும் வந்தது. கமா கணினியில் திறந்து எனக்குக் காட்டினாள். "முன்பே கண்டறியப்பட்டுள்ளது" என்ற சொல்லுக்குப் பிறகு எண் இல்லை, நேராக முற்றுப்புள்ளி. "அந்தச் சொல்லுக்கும் புள்ளிக்கும் நடுவுல இடம் இருக்கு பாருங்க அண்ணி, அங்கதான் நான் உட்கார்ந்திருந்தேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு டாக்டரம்மாவிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவர் சொல்லி வந்தவர்களிடமிருந்தும் வேலை குறைந்தது. ஒவ்வொருவருக்கும் விஷயம் தெரிந்துவிட்டதோ என்று கமா உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தால் யார் என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் எடுப்பாள். என் வாயை நானே நூறு முறை சபித்துக்கொண்டேன். குழாயடியில் சண்டை நின்றுவிட்டது. அவளுக்கு முன்னால் நானே எழுந்து, வாளி நிறையத் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு காலையில் டாக்டரம்மாவின் முகவரியிலிருந்து ஒரு கோப்பு வந்திருந்தது. நலமா என்றுகூட இல்லை. "புதிய கட்டுரை. வழக்கம்போல" என்று மூன்றே வார்த்தை. கமா அதைப் படிக்காமல் அச்செடுத்துக்கொண்டு வந்து மேசையில் பரப்பினாள். அவள் தொடுவதற்கு முன்னால் எடுக்கிற முதல் ஆஜர். நான் வெங்காயத்தை ஒதுக்கிவிட்டுப் படித்தேன்.

"ஒண்ணு."

"ஆஜர்."

"ரெண்டு."

"ஆஜர்."

"மூணு."

ஆஜர் வரவில்லை. மறுபடியும் என்ன வில்லங்கமோ என்று நிமிர்ந்தேன். அவள் விரல் பட்டியலின் மூன்றாவது வரியில் நின்றிருந்தது. கண் நிறைந்து, இப்போதோ அப்போதோ என்று இருந்தது.

"என்ன, ஆள் இல்லையா?"

"ஆஜர் அண்ணி." குரல் உடைந்தது. "ஆஜர்தான். அவங்களே படிச்சிருக்காங்க. அவங்களே போட்டிருக்காங்க."

எழுந்துபோய் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். அவள் பெயர், அவள் கட்டுரை. டாக்டரம்மாவின் வழக்கமான அலங்கோலம். வருஷம் தப்பு, இனிஷியலுக்குப் புள்ளி இல்லை, பெயருக்குப் பிறகு கமா இல்லை. லிஃப்ட் அறிவிப்பில்கூடத் தப்பைப் பொறுக்காதவள், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கமா விட்டுப்போயிருக்கே. போடேன்" என்றேன்.

"போடறேன் அண்ணி. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்."